அலுமாரியில் கிடக்கும் பழைய வன்தட்டு



தாழ்வுபாட்டுக் கரையிலோ சிலாவத்துறைக் கரையிலோ கரைவலை இழுப்பதைக் காணாத மன்னார்ப் பிள்ளை இருக்க முடியாது. இரு பக்கமும் ஆட்கள் நின்று கயிற்றை இழுக்க, மடி மெல்ல மெல்லக் கரைக்கு வருகிறது. மடி கரை சேர்ந்ததும் அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வீட்டு அடுப்படியில் கொட்டுகிறவர் உண்டா? இல்லை. மணலிலேயே அமர்ந்து சூடையையும் பாரையையும் கூடையில் இட்டு, பேத்தையையும் சொறியையும் அப்பால் எறிந்து, அதன் பின்னரே கூடையைத் தூக்குகிறார்கள். விண்ணரசைப் பற்றிக் கூற வந்த நம் ஆண்டவரும் இதே காட்சியைத்தான் எடுத்துக்கொண்டார். மத்தேயு நற்செய்தி 13ஆம் அதிகாரத்து வலை உவமையில், மீனவர் நல்லதையும் ஆகாததையும் பிரிப்பது கரையில் உட்கார்ந்துகொண்டு. நின்றபடியே அவசரத்தில் செய்து முடிக்கும் வேலையன்று அது.

இந்த வாரப் பாடம் மீனைப் பற்றியதன்று. உங்கள் வீட்டு அலுமாரியிலோ, பங்குப் பணிமனையின் மேசை லாச்சியிலோ துணியில் சுற்றிக் கிடக்கும் பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கைப் பற்றியது. பள்ளிக்கூடப் புத்தகங்கள் அதை வன்தட்டு என்று அழைக்கின்றன. நாமும் அப்படியே அழைப்போம். அதனுள் வைரஸ் இருக்கலாம் என்று யாரோ சொல்லி வைத்தார்கள். அன்று முதல் அதைத் தொட எவருக்கும் துணிவில்லை, எறியவும் மனமில்லை.

எறிய மனம் வராதது நியாயமே. எமது மறைமாவட்டம் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து தனி மறைமாவட்டமானது 1981ஆம் ஆண்டில். அதற்குப் பின் வந்த முப்பது ஆண்டுகளில் இடம்பெயர்வைக் காணாத பங்கு அரிது. 1990இல் ஓடினோம். 2006க்கும் 2009க்கும் இடையில் மீண்டும் ஓடினோம். 2007 செப்டெம்பரில் முள்ளிக்குளத்து மக்கள் ஊரையே விட்டு வெளியேறினார்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் அல்பங்கள் போயின, கடிதங்கள் போயின, அடையாளப் பத்திரங்கள் போயின. இத்தனைக்கும் இடையில் ஒரு பிள்ளையின் முதல்நன்மைப் படமோ, வீட்டுக்குத் திரும்பி வராத ஒரு மகனின் கடைசிப் புகைப்படமோ அந்தத் தட்டில் மட்டுமே மிஞ்சியிருக்கக்கூடும்.

பங்குப் பணிமனைகளின் கதை இன்னும் பாரமானது. ஞானஸ்நானமும் மெய்விவாகமும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும் என்பது 1563இல் திரெந்துப் பொதுச்சங்கம் வகுத்த ஒழுங்கு. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, தனது 535ஆம் சட்டத்தில், ஒவ்வொரு பங்கும் இப்பதிவேடுகளை வைத்திருக்க வேண்டும், பழைய ஏடுகளையும் கருத்தாய்ப் பேண வேண்டும் என்று பணிக்கிறது. கையெழுத்து ஏடு கறையானுக்கோ குண்டுக்கோ இரையான இடத்தில், முன்பு யாரோ ஓர் இளைஞர் பொறுமையாகத் தட்டச்சு செய்து கணினியில் சேர்த்த பிரதியே கைக்கு எஞ்சியதாக இருக்கலாம். பிறப்புப் பத்திரம் தொலைந்த ஒருவர் தன் வயதையும் பெற்றோரையும் நிறுவ வரும்போது, ஞானஸ்நானப் பதிவு எவ்வளவு பெரிய துணை என்பது பங்குத்தந்தையர் அனைவரும் அறிந்தது.

ஆகவே இங்கே இரண்டு தவறுகளுக்கு இடமுண்டு. பயமே இல்லாமல் அந்தத் தட்டைப் புதிய கணினியில் செருகி, கண்டதையெல்லாம் திறந்து பார்ப்பது ஒன்று. மிகவும் பயந்து அதைக் குப்பையில் போடுவது மற்றது. என்னைக் கேட்டால், இரண்டாவதே பெரிய தவறு. நோய் கண்ட கணினியைப் பின்னர் சுகப்படுத்தலாம். எறிந்த படத்தை மீட்க வழியில்லை.

வைரஸ் என்பது என்ன?

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். வைரஸ் என்பது கணினிக்கு இடப்பட்ட கட்டளைகளின் தொகுதி; அதாவது ஒரு மென்பொருள். அது காற்றில் பரவாது. தட்டைக் கையால் தொடுவதால் ஒட்டாது. தட்டில் வெறுமனே கிடக்கும் வைரஸ் எதுவும் செய்யாது. யாரோ ஒருவர், அல்லது ஏமாந்துபோன ஒரு கணினி, அதை ஓடவிட்டால்தான் அது ஓடும். இந்த ஓர் உண்மையைப் பிடித்துக்கொண்டால் பாடத்தின் பாதி முடிந்தது. ஆட்டம் முழுவதும் அதை ஓடவிடாமல் பார்த்துக்கொள்வதில்தான் இருக்கிறது.

எப்படி அது நம்மைக் கொண்டே தன்னை ஓடச் செய்கிறது? 1986இல் பாகிஸ்தானின் லாகூர் நகரில் கணினிக் கடை நடத்திய இரு சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' என்னும் வைரஸ், பிளொப்பித் தட்டின் தொடக்கப் பகுதியில் ஒளிந்திருந்தது. அந்தத் தட்டைக் கொண்டு கணினியை இயக்கினால் அதுவும் சேர்ந்து எழும்பும். அதற்குள் அவர்கள் தங்கள் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம் எல்லாம் எழுதி வைத்திருந்தார்கள் என்றால், அக்காலத்து வெகுளித்தனத்தை என்னவென்பது!

பின்னர் வந்தவை இத்தனை வெகுளியல்ல. 2000ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து புறப்பட்ட 'ஐ லவ் யூ' என்பது, காதல் கடிதம்போல் வந்து, தட்டிலிருந்த புகைப்படங்களை அழித்து, அவற்றின் பெயரிலேயே தன் பிரதிகளை வைத்துவிட்டுப் போனது. 2005இல் இந்தோனேசியாவில் தோன்றிய 'புரொன்டொக்' கோப்புறையின் மஞ்சள் உருவத்தை வேடமாகப் பூண்டது. கோப்புறையைத் திறப்பதாக எண்ணி நாம் அழுத்துவது வைரஸையே. 2008 நவம்பரில் பரவத் தொடங்கிய 'கொன்பிக்கர்' வலையமைப்பின் வழியாகவும், பென் ட்ரைவின் வழியாகவும் பாய்ந்தது. செருகிய உடனேயே தானாக ஓடும் 'ஓட்டோரன்' என்ற வசதியே அதற்குக் கதவு திறந்துவிட்டது. 2011 பெப்ரவரியில்தான் மைக்ரோசொப்ட் நிறுவனம் பழைய வின்டோஸ் கணினிகளிலும் அந்தக் கதவை அடைத்தது.

நம் ஊரில் அதிகம் கண்டது 'ஷோர்ட்கட்' வைரஸ். பென் ட்ரைவைத் திறந்தால் கோப்புறைகள் எல்லாம் சிறு அம்புக்குறியோடு நிற்கும். உள்ளே ஒன்றுமில்லை என்று நினைத்து எத்தனையோ பேர் அதைத் துடைத்தெறிந்தார்கள். உண்மையில் கோப்புகள் அழியவில்லை. பெயரில்லாத ஒரு கோப்புறைக்குள் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. அழித்தது வைரஸ் அல்ல, நமது அவசரம்.

பழைய கணினியை எழுப்ப வேண்டாம்

முதற்படி எதுவென்றால், பழைய கணினியை இயக்கிப் பார்க்கும் ஆசையை அடக்குவது. அதை இயக்கினால் அதன் வின்டோஸும் எழும்பும். அதோடு வைரஸும் எழும்பும். அதே கணினியில் நீங்கள் செருகும் புதிய பென் ட்ரைவுக்கும் அது பாயும். அன்றியும், பல ஆண்டுகள் உப்புக் காற்றில் இருந்த மின்வழங்கி எந்த நிமிடமும் சுட்டுப் போகலாம்.

மின்னிணைப்பை முற்றாகக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்து, வன்தட்டை மட்டும் வெளியே எடுங்கள். எடுக்குமுன் பெட்டியின் இரும்புப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். உடலிலுள்ள நிலைமின் இறங்கிவிடும். தட்டின் பின்புறத்தைப் பாருங்கள். நாற்பது ஊசிகள் இரு வரிசையாக நின்றால் அது 'ஐ.டி.இ.' என்னும் பழைய வகை. தட்டையான இரு சிறு பொருத்துகள் இருந்தால் 'சாட்டா' வகை. இரண்டையும் யூ.எஸ்.பி.யில் இணைக்கும் கம்பிகள் கடைகளில் உண்டு. மேசைக் கணினியின் பெரிய தட்டுக்குத் தனி மின்னிணைப்புத் தேவை; மடிக்கணினியின் சிறிய தட்டுக்கு யூ.எஸ்.பி. மின்சாரமே பெரும்பாலும் போதும்.

இணைத்ததும் காதைக் கொடுத்துக் கேளுங்கள். சீரான மெல்லிய இரைச்சல் நல்லது. 'டிக், டிக்' என்று திரும்பத் திரும்பத் தட்டுகிற சத்தம் வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். அது வைரஸ் அல்ல. தட்டின் உள்ளுறுப்புத் தளர்ந்த அடையாளம். ஒவ்வொரு சுற்றும் மிச்சமிருப்பதையும் சுரண்டிவிடும். அப்படிப்பட்ட தட்டை வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்காமல், தரவு மீட்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் கொடுங்கள். செலவு கூடத்தான் செய்யும். அந்தத் தட்டில் இருப்பதற்கு வேறு பிரதி உண்டா இல்லையா என்பதைப் பொறுத்தே செலவைத் தீர்மானியுங்கள்.

இன்னொன்று. சில தட்டுகளை இணைத்தவுடன், இதை 'ஃபோர்மட்' செய்ய வேண்டும், செய்யவா என்று வின்டோஸ் மரியாதையாகக் கேட்கும். இல்லை என்று சொல்லுங்கள். இதை எழுதுகிறவன் ஒரு முறை ஆம் என்று அழுத்தி, ஒரு திருவிழாவின் படங்களில் பாதியை இழந்தவன்.

மண்டபம் முகாம்

நம்மில் மூத்தவர்களுக்கு மண்டபம் முகாமைத் தெரியும். படகேறி இராமேஸ்வரம் போனவர்களில் எத்தனையோ குடும்பங்கள் அங்கே அகதிகளாய் வாழ்ந்தன. ஆனால் அந்த முகாம் முதலில் எதற்காக அமைந்தது என்பது பலருக்குத் தெரியாது. மலையகத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரை, கடலைக் கடக்குமுன் தடுத்து வைத்துப் பார்ப்பதற்காக அன்றைய இலங்கை அரசாங்கமே அக்கரையில் நடத்திய தொற்றுத்தடுப்பு முகாம் அது. வாந்திபேதியும் கொள்ளைநோயும் கண்டவரை அங்கேயே நிறுத்தி, சுகமானவரை மட்டும் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலேற்றினார்கள். 1914இல் அந்தக் கப்பற்பாதை திறந்தபின் வந்த பெருந்தொகையினர் அந்த முகாமைத் தாண்டியே இக்கரை சேர்ந்தனர். மனிதரை அங்கே நடத்திய விதத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகமில்லை. எனினும், ஐயத்துக்குரியதை நேரே வீட்டுக்குள் விடாமல் நடுவில் ஓரிடத்தில் நிறுத்திப் பார்க்கும் அந்த முறை, உயிரற்ற வன்தட்டுக்கு நன்றாகவே பொருந்தும்.

நமக்கும் ஒரு முகாம் கணினி வேண்டும். வீட்டில் பயன்படாமல் இருக்கும் ஒரு பழைய மடிக்கணினி போதும். அதில் உங்களுடைய முக்கியமான எதுவும் இருக்கக் கூடாது. இணையத்தோடு தொடர்பும் கூடாது, வை-ஃபையை நிறுத்திவிடுங்கள். பங்குப் பணிமனையின் வலையமைப்புக் கம்பியையும் கழற்றிவிடுங்கள்.

அந்தக் கணினியை வின்டோஸில் இயக்காமல் லினக்ஸில் இயக்குவது மிகவும் பாதுகாப்பானது. லினக்ஸ் என்பது வின்டோஸைப்போல் கணினியை நடத்தும் மற்றொரு மென்பொருள், இலவசமாகவே கிடைக்கும். வின்டோஸுக்கென்று எழுதிய வைரஸ் அங்கே பேச்சுத் தெரியாத ஊருக்கு வந்தவனைப்போல் சும்மா நிற்கும். 'லினக்ஸ் மின்ட்' அல்லது 'உபுண்டு' என்பதைச் சுத்தமான வேறொரு கணினியில் இறக்கி, 'ரூபஸ்' போன்ற கருவியால் 8 ஜிகாபைட் பென் ட்ரைவ் ஒன்றில் எழுதிக்கொள்ளுங்கள். முகாம் கணினியை அந்தப் பென் ட்ரைவிலிருந்து எழுப்புங்கள். கணினி விழிக்கும்போது எந்த விசையை அழுத்துவது என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும்; உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளை ஒன்று பக்கத்தில் இருந்தால் நொடியில் சொல்லிவிடும். எழும்பியதும் 'முயன்று பார்' என்ற தெரிவை எடுங்கள். 'நிறுவு' என்பதைத் தொட வேண்டாம். அது கணினியிலிருப்பதைத் துடைத்துவிடலாம்.

அதற்குப் பிறகு பழைய வன்தட்டை இணையுங்கள். முடிந்தால் 'வாசிக்க மட்டும்' என்ற முறையில் இணைக்கச் சொல்லுங்கள். அப்போது நம் கை தவறினாலும் பழைய தட்டில் ஓர் எழுத்தும் மாறாது. இங்கே ஒரு நன்மையும் உண்டு. வின்டோஸில் மறைந்து நின்ற கோப்புகள் பெரும்பாலும் இங்கே வெளிப்படையாகத் தெரியும். ஷோர்ட்கட் வைரஸ் ஒளித்து வைத்த பெயரற்ற கோப்புறையும் அகப்படும்.

மின்வெட்டை மறக்க வேண்டாம். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்ததை யார் மறப்பார்? பிரதி எடுக்கும் நடுவில் மின்சாரம் போனால் சோர்ந்த தட்டு திரும்ப எழும்பாமலே போகலாம். பெரிய தட்டானால் யூ.பி.எஸ். ஒன்றில் இணைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

எதைச் சுமப்பது?

டச்சுக்காரரின் கெடுபிடிக்கு அஞ்சி 1670இல் சுமார் இருபது குடும்பங்கள் மாந்தையிலிருந்து காட்டுக்குள் போனதை நம் வீடுகளில் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். மாந்தைக் கோவிலின் சுவரையோ கூரையையோ அவர்கள் சுமந்துசெல்லவில்லை. மாதாவின் திருச்சொரூபத்தைச் சுமந்தார்கள். அதுவே மடுவில் நிலைத்தது. 2008 ஏப்ரலில் மடுவைச் சூழப் போர் நெருங்கியபோது குருக்கள் மீண்டும் அந்தச் சொரூபத்தையே எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் அது மடுவுக்குத் திரும்பியது.

பழைய தட்டிலும் சுவர், கூரை என்று ஏராளம் உண்டு. வின்டோஸ் இருக்கும் கோப்புறை, விளையாட்டுகள், யாரோ கொடுத்த மென்பொருள்கள், மென்பொருளை நிறுவும் கோப்புகள் எதுவும் வேண்டாம். அவற்றைப் புதிதாகவே பெறலாம். முழுத்தட்டையும் ஒரேயடியாகப் பிரதி செய்து புதிய கணினியில் இறக்குவது, பேத்தையோடு மடியை அடுப்படியில் கொட்டுவதே.

உங்களுக்கு வேண்டியவை படங்கள், ஒலிப்பதிவுகள், வீடியோக்கள், தட்டச்சு செய்த ஆவணங்கள், கணக்குத் தாள்கள். இவற்றை அடையாளம் காண்பது கோப்பின் பெயருக்குப் பின்னால் புள்ளியிட்டு வரும் மூன்று அல்லது நான்கு எழுத்தைக் கொண்டு. படமானால் ஜே.பி.ஜி., ஒலியானால் எம்.பி.3, ஆவணமானால் டொக் அல்லது பி.டி.எப். வின்டோஸ் வழக்கமாக இந்தப் பின்னெழுத்தை மறைத்துவிடுகிறது. லினக்ஸில் அது தெரியும். ஈ.எக்ஸ்.ஈ., எஸ்.சி.ஆர்., வி.பி.எஸ்., பி.ஏ.டி., எல்.என்.கே. என்று முடிகின்றவற்றை ஒன்றைக்கூட எடுக்க வேண்டாம். முதலில் ஜே.பி.ஜி. என்றும் அதற்குப் பின்னால் வி.பி.எஸ். என்றும் இரட்டை வால் கொண்ட கோப்பைக் கண்டால், அது படமல்ல. படத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கும் வைரஸ்.

ஒருவேளை எல்லாப் படங்களின் பின்னாலும் அறியாத ஒரு பின்னெழுத்து ஒட்டிக்கொண்டு, எதுவுமே திறக்காமல், பணம் கேட்கும் குறிப்பு ஒன்று இருந்தால், அது பூட்டிவைக்கும் வகை. 2017 மே மாதம் 150க்கு மேற்பட்ட நாடுகளைத் தாக்கிய 'வன்னாகிரை' அந்த வகையே. அத்தகைய கோப்புகளையும் எறியாதீர்கள். பூட்டைத் திறக்கும் சாவிகளை இலவசமாக வழங்கும் 'நோ மோர் ரான்சம்' என்ற திட்டத்தை ஐரோப்பியக் காவல்துறையினரும் பாதுகாப்பு நிறுவனங்களும் 2016இல் தொடங்கினர். இன்று இல்லாத சாவி பின்னர் வரலாம். பணம் மட்டும் கட்ட வேண்டாம்.

தெரிந்தெடுத்த கோப்புகளைப் புதிதாக வாங்கிய வெறுமையான ஒரு வெளித்தட்டில் பிரதி செய்யுங்கள். இதுவரை எந்தக் கோப்பையும் திறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பிரதி முடிந்ததும் பழைய தட்டில் எத்தனை கோப்பு, புதியதில் எத்தனை என்று எண்ணிக்கையும் அளவும் ஒப்பிட்டுப் பார்த்து, பழைய தட்டைக் கழற்றி ஒதுக்கமாக வையுங்கள்.

மணலில் அமர்ந்து பிரித்தல்

இனி வெளித்தட்டைச் சோதிக்கலாம். இற்றைப்படுத்திய வைரஸ் தடுப்பு மென்பொருள் உள்ள கணினியில் அதை இணைத்து, கோப்பு எதையும் திறக்காமல், முழுச் சோதனைக்கு விடுங்கள். வின்டோஸோடு வரும் 'டிஃபென்டர்' இதற்குப் போதும். சோதிக்கும் கணினியின் வின்டோஸும் காலாவதியாகாததாக இருக்க வேண்டும். எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரலிலும், வின்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபரிலும் மைக்ரோசொப்ட் தன் வழக்கமான ஆதரவை நிறுத்திக்கொண்டது. பழைய தட்டுகளில் கிடக்கும் வைரஸ்கள் பழையவையே. இன்றைய தடுப்பு மென்பொருள்களுக்கு அவற்றின் முகம் நன்றாகத் தெரியும். இது நமக்கு ஓர் ஆறுதல்.

சோதனையில் அகப்பட்டதை என்ன செய்வது என்று மென்பொருள் கேட்டால் 'அழி' என்று சொல்லாமல் 'தனிமைப்படுத்து' என்று சொல்லுங்கள். காரணம் இதுதான். டொக் வகை ஆவணத்துக்குள் 'மக்ரோ' என்னும் சிறு கட்டளைத் தொடர் ஒளிந்திருக்க முடியும். 1999இல் 'மெலிசா' அப்படித்தான் பரவியது. கட்டளைதான் நஞ்சு, ஆவணத்திலிருக்கும் ஞானஸ்நானப் பட்டியல் நல்ல கோதுமை. களையைப் பிடுங்குகிறேன் என்று கோதுமையையும் பிடுங்கிவிட வேண்டாம். அத்தகைய ஆவணத்தை முகாம் கணினியின் லினக்ஸில் 'லிப்ரே ஒபிஸ்' கொண்டு, மக்ரோவை ஓடவிடாமல் திறந்து, அதன் எழுத்தை மட்டும் புதிய கோப்பாகச் சேமித்துக்கொள்ளலாம். மக்ரோவை இயக்கவா என்று கேட்டால், எந்தக் காரணத்துக்காகவும் ஆம் என்று சொல்லாதீர்கள்.

ஆவணத்தைத் திறந்தவுடன் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த ஒரு குழப்பம் தோன்றினால் பதற வேண்டாம். வைரஸ் தின்றுவிட்டது என்று நினைத்து எறிய வேண்டிய கோப்பு அல்ல அது! பழைய காலத்தில் நாம் தட்டச்சு செய்தது 'பாமினி' போன்ற எழுத்துருக்களில். அவை ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வைத்துக்காட்டின. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியிலிருக்கும் ஆங்கில எழுத்தே தெரியும். பாமினியை நம்பகமான இடத்திலிருந்து புதிதாகப் பெற்று நிறுவினால் (பழைய தட்டிலிருந்து எடுக்க வேண்டாம்) எழுத்து மீண்டும் தமிழாகும். பின்னர் மாற்றிக் கருவி கொண்டு யூனிகோட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும்போது சில எழுத்துகள் பிசகும். பெயர்களில்தான் அது அதிகம் உறுத்தும். மாற்றிய பட்டியலை இருவர் அமர்ந்து, ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்க்க வேண்டும். கையெழுத்துப் பதிவேடு இருக்கும் இடங்களில் அதுவே மூலம். கணினிப் பிரதி அதற்குச் சாட்சி மட்டுமே.

யார் கையில் கொடுப்பது?

இதை நகரத்துக் கடையொன்றில் கொடுத்துவிட்டால் ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். குடும்பப் படமானால் உங்கள் விருப்பம்; பக்கத்தில் இருந்து செய்வித்துக்கொள்ளுங்கள். பங்குத் தட்டானால் பங்குத்தந்தையின் அனுமதியில்லாமல் அது பணிமனையை விட்டு வெளியேறலாகாது. ஞானஸ்நானப் பதிவில் ஒரு பிள்ளையின் பிறப்பைப் பற்றிய மறைபொருள் இருக்கலாம். திருமணக் கோப்பில் ஒரு குடும்பத்தின் கண்ணீர் இருக்கலாம். காணாமல்போனவர்களைப் பற்றி உறவினர் கொடுத்த விபரங்களும் அங்கே இருக்கலாம். அரசாங்கமும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் தனிப்பட்ட தரவுகளுக்குப் பாதுகாப்பு வகுத்திருக்கிறது. ஆயினும் சட்டம் வருமுன்பே குருவானவரின் மௌனத்துக்கு நாம் பழகியவர்கள் அல்லவா? கோப்புகளை இணையத்தில் ஏற்றிச் சோதிக்கும் தளங்களும் உண்டு. பதிவேடுகளை அங்கே ஏற்ற வேண்டாம்.

பழைய திருவிழா மலர், பங்கு வரலாறு, கையேடு போன்ற அச்சிட்ட நூல்கள் அகப்பட்டால் அது வேறு. உரியவரின் இசைவோடு, 2005 முதல் இயங்கும் நூலகம் மின்னூலகத்துக்கு ஒரு பிரதி கொடுத்தால், கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் நம்மவரும் வாசிப்பார்கள்.

சுத்தமானவற்றுக்கு மூன்று பிரதிகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அன்றாடம் பாவிக்கும் கணினியில், ஒன்று வெளித்தட்டில், ஒன்று வேறோர் ஊரில். மூன்றாவதைத்தான் நாம் மறக்கிறோம். ஒரே வீட்டின் ஒரே அலுமாரியில் மூன்று பிரதி வைத்தால், அந்த வீட்டை விட்டு ஓடும் நாளில் மூன்றும் ஒன்றாகவே போகும் என்று மன்னார் மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பங்கின் பிரதியானால் ஆயர் இல்லத்தோடு பேசுங்கள். பென் ட்ரைவ் பயணத்துக்கு நல்லது. ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்க ஏற்றதன்று. வெளித்தட்டையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது இயக்கிப் பாருங்கள்.

பழைய தட்டை உடனே உடைத்துவிடாதீர்கள். சில மாதங்கள் வையுங்கள். விடுபட்ட ஒரு கோப்புறை நினைவுக்கு வரும். ஒரு சித்தி தொலைபேசியில் அழைத்து, அந்தக் கலியாணப் படம் எங்கே என்று கேட்பார். எல்லாம் சரி என்று கண்டபின், அதைத் துடைக்கும் கருவியால் முழுவதும் மேலெழுதி, அல்லது தட்டையே துளையிட்டு, மின்கழிவு சேர்க்கும் இடத்தில் ஒப்படையுங்கள். பதிவேடு இருந்த தட்டைப் பழைய இரும்புக்காரருக்கு அப்படியே விற்கக் கூடாது.

அதுவரை அதன்மேல் ஒரு தாள் ஒட்டி வையுங்கள். எந்தப் பங்கு அல்லது எந்தக் குடும்பம், எந்த ஆண்டுகளின் கோப்பு, எந்தத் திகதியில் யார் பிரதி எடுத்தார், பிரதி எங்கே இருக்கிறது என்று எழுதி, அடியில் 'கணினியில் செருக வேண்டாம்' என்றும் எழுதுங்கள். கடற்காற்றில் சாதாரணப் பேனா எழுத்து ஊறிப்போகும். அழியாத மையால் எழுதி, மேலே ஒளிபுகும் நாடாவை ஒட்டிவிடுங்கள்.